‘விசாரணைக்கு வா’ என்றால் அது கைதா?

கேள்வி: நீலாய் வட்டாரத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். கிடங்கில் வேலை செய்யும் என் தம்பி, இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டான். கைப்பேசியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பிறகு ‘விசாரணை’ என்று ஒரு போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மதியம்வரை வீட்டுக்குத் தகவல் இல்லை. ‘சும்மா விசாரணைதான், வக்கீல் எதற்கு?’ என்றும் கேட்டார்கள். இதில் அவனுக்கு என்ன உரிமை?
– வாசகர், நீலாய்

பதில்: மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி தனிமனித சுதந்திரத்தைப் பற்றியது. சட்டப்படி அல்லாமல் எவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்று அது தொடங்குகிறது. கைதானவருக்குக் காரணத்தை இயன்ற விரைவில் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற அவரை அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபடும் வெளிநாட்டவருக்கு மட்டும் இந்தக் கெடு 14 நாள்.

இந்த உரிமைகள் எல்லாம் ‘கைது’ என்ற நிலையை ஒட்டியே வருகின்றன. அதனால்தான் ‘சும்மா விசாரணை’ என்ற பேச்சு ஆபத்தானது. எழுந்து போகலாம் என்றால் அவர் கைதாகவில்லை; போக விடவில்லை என்றால் அது கைதுதான். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது நிலை ஒன்றைச் சட்டம் வைக்கவில்லை. சாட்சியாக ஒருவரை அழைக்க வேண்டுமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆவது பிரிவு எழுத்து வடிவ உத்தரவைக் கேட்கிறது. ஆகவே முதலில் மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘சாயா டித்தாங்காப் கா?’ (நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?) பதில் ‘இல்லை’ என்றால் அவர் வீட்டுக்குப் போகலாம். ‘ஆம்’ என்றால் அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

சாலைத் தடுப்பில் அடையாள அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டுவது கடமை. நிறுத்தியவர் சீருடையில் இல்லாவிட்டால் அவருடைய போலீஸ் அதிகார அட்டையைப் பார்க்கக் கேட்கலாம். நீல அட்டை இன்ஸ்பெக்டர், அதற்கு மேல். மஞ்சள் அதற்குக் கீழ். வெள்ளை ரிசர்வ் போலீஸ். சிவப்பு அட்டை பணியிடை நீக்கம் செய்யப்பட்டவருடையது. அவருக்கு யாரையும் நிறுத்த அதிகாரம் இல்லை.

கைப்பேசி விஷயம் அவ்வளவு எளிதல்ல. சட்டப்படியான சோதனையின்போது கணினித் தரவையும் கடவுச்சொல்லையும் பெற, அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அது ஒரு குற்றத்தின் விசாரணையோடு சேர்ந்த அதிகாரம். வழியில் போகிறவரின் வாட்ஸ்அப்பைப் பொழுதுபோக்காகப் புரட்டிப் பார்ப்பதற்கு அல்ல. என்ன குற்றச் சந்தேகம் என்று கேட்பதும் அதிகாரியின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்வதும் உரிமை. கைப்பேசியைப் பிடுங்கி இழுப்பதும், எதையாவது அழிப்பதும் புதுக் குற்றத்தை வரவழைக்கும்.

நிலையத்துக்குள் போனதும் 28ஏ பிரிவு வருகிறது. கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும், ஒரு வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்பதைப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வந்து பேச நியாயமான அவகாசமும் தர வேண்டும். உடந்தையாளர் தப்பிவிடுவார், சாட்சியம் அழியும், பிறர் உயிருக்கு ஆபத்து என்பன போன்ற காரணங்களுக்காக இதை மறுக்கலாம். ஆனால் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்தே மறுக்க முடியும். ‘வக்கீல் எதற்கு?’ என்று வாய்வார்த்தையில் தட்டிக் கழிப்பது அந்தப் பிரிவை மதிக்காத செயல்.

வாக்குமூலத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். 112ஆவது பிரிவின்படி, தம்மைக் குற்றச்சாட்டில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சொன்னதை எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் பேசியவருக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். மலாய்த் தாளை நீட்டி ‘சைன் பண்ணு’ என்றால், புரியவில்லை என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைப்பது தவறல்ல.

24 மணி நேரத்தில் விசாரணை முடியாவிட்டால் 117ஆவது பிரிவின் கீழ் போலீஸ் ரிமாண்ட் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதலில் அதிகம் 4 நாள், மறுபடி 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7 நாள், மீண்டும் 7 நாள். கேட்ட நாளை அப்படியே கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்குக் கட்டாயம் இல்லை. விசாரணை நாட்குறிப்பைப் பார்த்துக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்; தடுக்கப்பட்டவரோ வழக்கறிஞரோ பேச இடம் தர வேண்டும். ரிமாண்ட் விசாரணையில் வழக்கறிஞருக்கு இடம் உண்டு என்று 1987இலேயே பினாங்கு உயர் நீதிமன்றம் சவுல் ஹமீட் வழக்கில் சொல்லிவிட்டது. அடித்தார்கள், மருந்து தரவில்லை, வீட்டுக்குத் தகவல் இல்லை என்ற புகார்களை அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டவும் தயங்கக் கூடாது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் நிலையக் காவலில் ஏ. குகன் இறந்தார். அந்தத் துயரத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சில நிமிடங்களின் அருமை புரியும்.

சோஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகள் தனி ரகம். அதில் 28 நாள்வரை தடுத்து வைக்கலாம். வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். அரசியலமைப்பின் 149ஆவது விதி இதற்கு வழிவிடுகிறது. குண்டர் கும்பல் என்ற பெயரில் இந்திய இளைஞர்கள் மீது இச்சட்டம் பாயும்போது 5ஆவது விதியின் காப்பு மெலிந்துவிடுகிறது. இது திருத்தப்பட வேண்டிய நிலை.

வாசகரின் தம்பி விஷயத்தில் நிறுத்தப்பட்ட நேரம், நிலையத்துக்குள் போன நேரம், முதல் தகவல் வந்த நேரம் மூன்றையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். 28ஏ மீறப்பட்டிருந்தால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும், 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய போலீஸ் நன்னடத்தைச் சுயேச்சை ஆணையத்திடமும் புகார் செய்யலாம். கைது, ரிமாண்ட் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள். சிரம்பானில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம். வீட்டுப் பிள்ளை காவலில் இருக்கிறான் என்று தெரிந்ததும் தெரிந்த தலைவரைத் தேடி ஓடுவதை விட்டு, முதல் அழைப்பை ஒரு வழக்கறிஞருக்குச் செய்யுங்கள்.