அறிக்கைகளைச் சாராத சமாதானம்



சிறுநீரகப் பிரிவிற்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை இல்லை. டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். டிசம்பர் 25 அவர்களுடைய முறையாக அமைந்தால் அன்றும் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு காலையில், நோயாளி ஒருவரின் மனைவி என்னிடம், “டாக்டர், இன்னைக்கு ரிப்போர்ட் நல்லா இருந்தா, எங்களுக்கு அதுதாங்க கிறிஸ்துமஸ்” என்றார். அறிக்கை நன்றாகவே வந்தது. அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் கணவரின் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தது. அந்த மலர்ச்சியும் மறைந்தது.

அவரைக் குறைகூற என்னால் இயலாது. நல்ல அறிக்கைக்காக மகிழ்வது இயல்பே. அதற்காக நாம் கடவுளுக்கு நன்றி செலுத்தவும் வேண்டும். ஆயினும், ஓர் அறிக்கை தரும் நிம்மதி அடுத்த அறிக்கை வரும்வரையே நிற்கும். அதனினும் நீண்டு நிற்கும் சமாதானம் உண்டா? கிறிஸ்து பிறப்பின் செய்தி இக்கேள்விக்கு விடையளிக்கிறது.

உலகம் தந்த சமாதானம்

இயேசுவின் பிறப்பைக் கூறும் லூக்கா 2ஆம் அதிகாரம், ரோமப் பேரரசர் அகுஸ்துவின் கட்டளையோடு தொடங்குகிறது. உள்நாட்டுப் போர்களை முடித்து அமைதியை நிலைநாட்டியவர் என்று அவரை ரோமர் போற்றினர். அந்த அமைதியின் நினைவாக ரோம் நகரில் சமாதானப் பலிபீடம் ஒன்று கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்டது. அந்த அமைதியைக் காத்து நின்றவை படைகள். அதே பேரரசரின் குடிமதிப்புக் கட்டளையால்தான், நிறைமாதக் கர்ப்பிணியான மரியாள் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணப்பட வேண்டியதாயிற்று. அங்கே சத்திரத்தில் இடமில்லை. பிறந்த குழந்தையை முன்னணையில் கிடத்தினார்கள்.

போர்க்களத்திலும் ஒரு கிறிஸ்துமஸ் அமைதி உண்டாயிற்று. 1914ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் மேற்கு முனையில், பிரிட்டிஷ், ஜெர்மானிய வீரர்கள் பல இடங்களில் தாங்களாகவே துப்பாக்கிகளைத் தாழ்த்தினர். பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினர், பாடல்களைப் பாடினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். உள்ளத்தை உருக்கும் நிகழ்வு அது. ஆனால் போர் மீண்டும் மூண்டு 1918 நவம்பர் வரை நீடித்தது. பண்டிகையின் உணர்வு எவ்வளவு உண்மையானதாயினும், அது மட்டுமே நம்மை நெடுந்தூரம் தாங்காது.

சமாதானமும் பட்டயமும்

குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்திற்குக் கொண்டுசென்றபோது, முதியவரான சிமியோன் அவரைக் கைகளில் ஏந்தினார். இனித் தாம் சமாதானத்தோடு விடைபெறலாம் என்று கடவுளைத் துதித்தார். அதே வேளையில் அவர் மரியாளை நோக்கி, அவருடைய ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்றும் அறிவித்தார். சமாதானமும் பட்டயமும் அடுத்தடுத்து வருகின்றன. துன்பம் வராது என்ற வாக்குறுதி அங்கே இல்லை. துன்பத்தினூடே நிலைத்திருக்கும் ஒருவர் அந்த முதியவரின் கைகளில் இருந்தார்.

இதை நான் என் தாயாரின் படுக்கையருகே கற்றேன். ஒரு டிசம்பர் மாதத்தில் அவருடைய பரிசோதனை முடிவுகளைப் படித்தேன். மருத்துவன் என்பதால், அவற்றின் பொருளை எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றிரவு என்னால் ஜெபிக்கவும் கூடவில்லை. சிகிச்சை முறைகளைப் பற்றியே அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பற்றி, “டாக்டரா பேசினது போதும்ப்பா. மகனா கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். அவருடைய நோய் மாறவில்லை. பிப்ரவரியில் அவர் ஆண்டவரிடம் சேர்ந்தார். ஆனால் இம்மானுவேல், அதாவது கடவுள் நம்மோடிருக்கிறார், என்னும் பெயரின் பொருள் எனக்கு அந்த இரவில்தான் விளங்கிற்று. அவர் தொலைவிலிருந்து ஆலோசனை மட்டும் அனுப்பவில்லை. நம் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

நிலைத்திருக்கும் காரணம்

இந்தச் சமாதானம் ஏன் நீடிக்கிறது? முதலாவது, அது கடவுளோடு ஒப்புரவாவதில் தொடங்குகிறது (ரோமர் 5:1). ‘என் பாவத்திற்குத் தண்டனையாகத்தான் இந்த நோயா?’ என்று பலர் மனத்திற்குள் வருந்துகிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் குறித்துச் சீடர்கள் அப்படிக் கேட்டபோது, இயேசு அக்கருத்தை மறுத்தார் (யோவான் 9). நம் பாவங்களையோ அவர் சிலுவையில் தாமே சுமந்தார். ஆகவே நோய்ப்படுக்கையைத் தண்டனைக்கூடமாக எண்ண வேண்டியதில்லை.

இரண்டாவது, அதைத் தந்தவர் துன்பத்தை அறிந்தவர். தமது சமாதானத்தைச் சீடர்களுக்கு விட்டுச்செல்வதாக அவர் கூறியது, சிலுவைக்கு முந்தின இரவில் (யோவான் 14:27). உயிர்த்தெழுந்தபின் அவர்களுக்குச் சமாதானம் கூறியபோதும், காயங்கள் உள்ள கைகளையே காட்டினார் (யோவான் 20). மரணத்தைக் கடந்து வந்தவர் தரும் சமாதானத்தை மரணமும் பறிக்க இயலாது.

அன்றாட வாழ்வில்

பவுல் சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. கவலைகளை நன்றியோடு கடவுளிடம் அறிவிக்கும்படி அவர் கூறுகிறார். அப்போது தேவசமாதானம் இருதயத்தைக் காக்கும் என்கிறார். அதற்கு அவர் கையாளும் கிரேக்கச் சொல், காவல்படை ஒரு நகரைக் காப்பதைக் குறிப்பதாகும். பகைவர் மதிலுக்கு வெளியே இருக்கலாம். உள்ளே காவல் உண்டு.

எனவே உங்கள் அச்சத்தை உள்ளபடியே கடவுளிடம் சொல்லுங்கள். நீண்ட ஜெபம் தேவையில்லை. அன்று பெற்ற ஒரு நன்மையையாவது நினைத்து நன்றி கூறுங்கள். மனத்தாங்கல் உள்ள உறவினர் எவரேனும் இருந்தால், இப்பண்டிகைக் காலத்தில் ஒரு வார்த்தை பேசுங்கள். பராமரிப்போர் ஒரு மணி நேரமேனும் பொறுப்பை மற்றொருவரிடம் கொடுத்து ஓய்வெடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். லாசருவின் கல்லறையருகே இயேசுவும் அழுதார். உறக்கமின்மையோ ஆழ்ந்த சோர்வோ தொடர்ந்தால் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். சிகிச்சை பெறுவது விசுவாசக் குறைவன்று. மருந்துகளையும் உணவுக் கட்டுப்பாட்டையும் பண்டிகை நாளிலும் கைவிடாதீர்கள்.

வேறு சமயத்தைச் சார்ந்த அன்பர்களே, உங்களுக்கும் இந்த வாழ்த்து உரியது. எங்களை நிலைநிறுத்தும் நம்பிக்கையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். உங்கள் அருகில் அமர என்றும் ஆயத்தமாயிருக்கிறோம்.

தியானத்திற்கு: என் நிம்மதி இன்று எதைச் சார்ந்திருக்கிறது? நான் யார் பக்கத்தில் சற்று நேரம் அமர வேண்டும்?

ஜெபம்: முன்னணையில் பிறந்த ஆண்டவரே, எங்கள் படுக்கையருகே வாரும். நாளைய அறிக்கை எதுவாயினும், இன்றிரவு உமது சமாதானம் எங்களைக் காப்பதாக. ஆமென்.