கஷ்ட காலத்தில் மனதைக் காத்தல்

சனிக்கிழமை சம்பள நாள். திருப்பூரில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அன்று மாலைதான் மளிகைக் கடைப் பாக்கி தீரும், வாடகைக்கு ஒதுக்குவோம், ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் போகும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. நம் பனியன் துணிக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. ஆர்டர்கள் நின்றன. பலருக்கு ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாயிற்று. சிலருக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை என்றாயிற்று. சனிக்கிழமை சுருங்கிப் போனது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, பணிவிடை முடிந்து இனிமம் வாங்கிக்கொண்டு தாங்கல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, வேலை இல்லாததுகூட பெருசில்ல. வேலை இருக்க மூணு நாளும் எந்திரிக்க மனசு வர மாட்டேங்கு. என்ன செஞ்சு என்ன ஆவப்போவுதுன்னு இருக்கு."

"என்ன செஞ்சு என்ன" என்ற அந்த வார்த்தையைத்தான் இன்று பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

மனதின் நோயை மட்டும் ஆராயாமல் மனதின் பலத்தையும் ஆராய வேண்டும் என்று ஒரு கல்வி இருக்கிறது. நேர்மறை உளவியல் என்பார்கள். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் அதை முன்னே கொண்டுவந்தார். 'எப்போதும் சிரி, நல்லதையே நினை' என்று சொல்லிக்கொடுப்பதுதான் அது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் சொல்லிக் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதன் வேர் அந்த அக்காவின் வார்த்தையில் இருக்கிறது.

செலிக்மனும் ஸ்டீவன் மேயர் என்பவரும் இளம் வயதில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 1967இல் அது வெளிவந்தது. உயிர்ப்பலி வேண்டாம் என்ற அய்யாவின் மக்களாகிய நமக்கு அதைக் கேட்கவே மனம் ஒப்பாது. இருந்தாலும் அதில் தெரிந்த உண்மையைத் தள்ளிவிட வேண்டாம். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். என்ன செய்தாலும் அவற்றால் அதை நிறுத்த முடியாதபடி வைத்தார்கள். பிறகு வேறொரு பெட்டியில் விட்டார்கள். அதில் நடுவே ஒரு குட்டைத் தடுப்பு. தாண்டினால் வலி தீர்ந்தது. முன்பு வலியைத் தடுக்க வழியில்லாமல் பட்டிருந்த நாய்களில் பெரும்பாலானவை தாண்டிப் பார்க்கவே இல்லை. படுத்து முனகிக்கொண்டு கிடந்தன.

அவற்றை எப்படி மீட்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகம் பலிக்கவில்லை. கடைசியில் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, தாண்ட வேண்டிய பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப நடத்திக் கொண்டுபோனார்கள். பல தடவைக்குப் பிறகு அவை தாமாகவே தாண்டத் தொடங்கின. புத்தி சொல்லி வராதது, காலை எடுத்து வைத்ததால் வந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் பழைய முடிவைத் திருத்தி எழுதினார்கள். சோர்வு என்பது கற்றுக்கொண்ட குணம் என்றுதான் அவர்கள் முன்பு நினைத்திருந்தார்கள். மூளையை ஆராய்ந்தபின் வேறு விதமாகச் சொன்னார்கள். நீண்ட வலி வந்தால் ஒடுங்கிக் கிடப்பது உயிருக்கு இயல்பாகவே வருவது. 'இதில் ஏதோ ஒன்று என் கையில் இருக்கிறது' என்பதைத்தான் உயிர் கற்றுக்கொள்கிறது. ஆகவே அந்த அக்காவைச் சோம்பேறி என்றோ பக்தி குறைந்தவர் என்றோ யாரும் சொல்லக்கூடாது. நம்மில் சிலர் சொல்லிவிடுகிறோம்.

என்ன செய்தாலும் நிற்காத வலி நம் முன்னோருக்குப் புதிதல்ல. அன்றைய திருவிதாங்கூரில் கூலியில்லாத ஊழியம், தலைவரி, ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை, பெண்கள் மாரில் துணி போடத் தடை. அப்படி ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு அய்யா ஆறுதல் வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு இருந்தார்கள். மூன்று வேளையும் கடலில் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். அரிசியும் சிறுபயறும் பொங்கி உண்டார்கள். ராஜா மாறவில்லை, வரி நிற்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. அது முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் எழுநூறு குடும்பம் இருந்தது. தவசைப் புண்ணியக் கணக்கில் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். 'என் உடம்பும் என் துணியும் என் நாளும் என் கையில்' என்று ஒடுங்கிய சனங்கள் பழகிய இடம் அது என்பதையும் பார்க்க வேண்டும். துணியை நம்பிப் பிழைக்கிற இந்த ஊரில் அது நமக்கு எளிதாகவே விளங்கும்.

சரி, வாரத்துக்கு மூன்று நாள் வேலை உள்ள வீட்டில் இதை எப்படிச் செய்வது?

முதலில் நினைப்பைச் சோதிக்க வேண்டும். கெட்டது நடந்தால் சோர்ந்த மனம் மூன்று பொய்களைச் சொல்லும் என்று செலிக்மன் எழுதுகிறார். இது என்றைக்கும் இப்படித்தான், எல்லாமே போய்விட்டது, எல்லாம் என்னால்தான். 'என்றைக்கும்' என்பதற்கு நம் ஊரே பதில் சொல்லும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. திருப்பூர் முடிந்தது என்றுதான் டீக்கடையில் பேச்சு. பிறகு கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறி, பல பட்டறைகள் மீண்டும் ஓடின. எல்லாரும் மீளவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். ஊருக்குப் போனவர்கள் போனவர்கள்தான். ஆனாலும் 'என்றைக்கும்' என்பது பொய்யாகிவிட்டது. 'என்னால்தான்' என்பதும் அப்படியே. வாஷிங்டனில் போட்ட வரிக்கு ஓவர்லாக் தைக்கிற தம்பி என்ன செய்வான்? வீட்டில் ஆண்கள் இந்தப் பழியைத் தாங்களே சுமந்துகொண்டு, ராத்திரி அதைக் குடியில் இறக்கப் பார்ப்பதைக் கண்ணால் காண்கிறோம்.

இரண்டாவது, ஒரு நோட்டு. படுக்கப் போகும் முன் அன்று நடந்த மூன்று நல்லவற்றை எழுத வேண்டும். சின்னதாக இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'அது ஏன் நடந்தது' என்றும் எழுத வேண்டும். செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு குறைந்திருந்தது. வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே விடாமல் எழுதியவர்களுக்குத்தான் நன்மை கூடுதல். பலர் 'ஏன்' என்பதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எழுதுகிறார்கள். விடக்கூடாது. 'பக்கத்து வீட்டு அண்ணி குழம்பு கொடுத்தாள்' என்பது நல்லது. 'போன மாசம் அவள் பிள்ளையை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்' என்பது அதன் ஏன். அந்த இடத்தில்தான் நம் கை இருந்தது தெரிகிறது.

மூன்றாவது, வேலையில்லாத நாளுக்கும் ஒரு நேரம் வைத்தல். எழும் நேரம், குளியல், திருநாமம், ஒரு நடை. அந்த நாளில் ஒருவருக்கு ஒரு உதவி. தாங்கலில் தர்மச் சோற்றுக்கு அரிசி களைவதும் உதவிதான். கொடுக்கக் காசில்லாதவரும் கொடுப்பவராக அங்கே நிற்கலாம். கை நீட்டி வாங்குவதிலேயே நாள் போனால் மனம் இன்னும் சுருங்கும்.

துயரமே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் இடிக்கப்பட்ட பின், பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்பவர் மாணவர்களிடம் ஆய்வு செய்தார். நன்றாக மீண்டவர்களும் அழுதவர்கள்தான், கோபப்பட்டவர்கள்தான். அதோடு கூடவே நன்றியும் அன்பும் அவர்களுக்குள் இருந்தன. அழுகையை அடக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மனதைத் தேற்றிக்கொண்டு உரிமையை விட்டுவிடவும் கூடாது. பாக்கிச் சம்பளத்தைக் கேட்க வேண்டும், பி.எஃப். கணக்கைப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளவர் வேலை இழந்தால், சம்பளத்தில் ஒரு பகுதியை 90 நாள் வரை கொடுக்க அடல் பீமித் வ்யக்தி கல்யாண் என்ற திட்டம் 2018இல் வந்தது. இப்போதைய விதிப்படி உங்களுக்குக் கிடைக்குமா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அதுவும் தடுப்பைத் தாண்டுகிற ஒரு கால்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, சாகலாமா என்ற நினைப்பு வருகிறது என்றால் நோட்டும் போதாது, என் பேச்சும் போதாது. மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் பேசலாம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் தனியே விட்டு வராதீர்கள்.

அந்த அக்கா மூன்று வாரம் எழுதிய நோட்டை ஒரு ஞாயிறு கொண்டுவந்து காட்டினார். வேலை இன்னும் மூன்று நாள்தான். முதல் வாரம் பெரும்பாலும் 'மழை இல்லை', 'கரண்ட் போகவில்லை' என்றிருந்தது. ஏன் என்ற இடம் காலி. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்: 'பவர் டேபிள்ல வேலை கேட்டேன். இல்லைன்னுட்டாங்க.'

"இது எப்படிக்கா நல்லதுல சேரும்?" என்று கேட்டேன்.

"பக்கத்துல ஏன்னு எழுதிருக்கேன்லா, அதையும் படிங்க அண்ணாச்சி," என்றார்.

'நான் எந்திரிச்சுப் போனேன்' என்று இருந்தது.

அய்யா உண்டு.