இயங்குதள மேம்பாடும் பைத்தான் மெய்நிகர் சூழலும்

கணிப்பொறி இன்று அறிவியல் துறை மாணவர்க்கு மட்டும் உரிய கருவியன்று. சொல்லடைவு தொகுக்கும் தமிழாய்வாளரும், புள்ளிவிவரம் கணக்கிடும் பொருளியல் மாணவரும் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கையாளுகின்றனர். ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கும் வேளையில் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டு, மறுநாள் நிரல் இயங்காமை கண்டு திகைத்து நிற்பாரும் உளர். அப்பழுதின் காரணத்தையும் அதனை நீக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டளைகள் ஈண்டு ஒலிப்படி தமிழில் தரப்படுகின்றன; கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளிலேயே இடவேண்டும்.

சூழல் என்பது யாது?

ஒரு திட்டத்திற்கு ஒரு நூலகத்தின் பழைய பதிப்பும், மற்றொன்றுக்கு அதன் புதிய பதிப்பும் தேவைப்படலாம். இவை தம்முள் மோதாவண்ணம் ஒவ்வொரு திட்டத்திற்கும் தனியே அமைக்கும் கோப்புறையே மெய்நிகர் சூழல். இதனை அமைக்கும் 'வென்வ்' என்னும் கூறு, 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் அம்மொழியுடனேயே வருகிறது.

இச்சூழல் முழுமையானதொரு பைத்தான் அன்று. லினக்ஸில் அதனுள் முதன்மையாக இருப்பவை மூன்று: இயங்குதளத்தின் பைத்தானைச் சுட்டும் இணைப்பு, அது இருக்குமிடத்தைக் குறித்துவைக்கும் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்னும் சிறு கோப்பு. நிறுவிய நூலகங்களைத் தாங்கும் 'சைட்-பேக்கேஜஸ்' கோப்புறை. தட்டுமுட்டுப் பொருள்கள் நம்முடையவை, வீடு இயங்குதளத்தினுடையது.

பழுது நேரும் வகை

உபுண்டு 22.04இல் உள்ள பைத்தான் 3.10, உபுண்டு 24.04இல் உள்ளது 3.12. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறியதும் சூழலின் இணைப்பு 3.12ஐச் சுட்டத் தொடங்குகிறது. அப்புதிய பைத்தான் தன் நூலகங்களைப் 'பைத்தான்3.12' என்னும் கோப்புறையில் தேடும். அவையோ 'பைத்தான்3.10' கோப்புறையில் கிடக்கின்றன. எனவேதான் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' என்னும் பிழைச்செய்தி எழுகிறது. நூலகங்கள் அழியவில்லை, தேடுமிடம் மாறிவிட்டது. இதனை உணர்ந்தாலே பாதித் திகைப்பு நீங்கும்.

செய்யத் தகாதன

1. பழைய கோப்புறையின் பெயரை 3.12 என மாற்றுதல். நம்பை போன்ற நூலகங்களில் 3.10க்கெனத் தொகுக்கப்பட்ட பகுதிகள் உண்டு; அவை 3.12இல் ஏறா.

2. இயங்குதளத்தின் பைத்தானிலேயே நூலகங்களை வலிந்து நிறுவுதல். உபுண்டு 24.04 இதனை இயல்பாகவே மறுக்கும். '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று சேர்த்து அம்மறுப்பை மீறலாம். ஆயின் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அப்பைத்தானையே நம்பியிருத்தலின், ஒரு திட்டத்தின் பழுது கணிப்பொறி முழுவதின் பழுதாகக்கூடும்.

3. 'வென்வ் --அப்கிரேட்' கட்டளையை மட்டும் நம்புதல். 3.12 வரிசைக்குள்ளேயே நிகழும் சிறு திருத்தத்திற்கு அது பொருந்தும், 3.10இன் நூலகங்களை அது 3.12க்குக் கொண்டுவந்து சேர்க்காது.

செப்பனிடும் முறை

சூழல் பழுதுபார்க்கத்தக்க பொருளன்று. அழித்துப் புதிதாக ஆக்கத்தக்கது. காக்க வேண்டியது நூலகப் பட்டியல் ஒன்றே.

1. பழைய சூழலை உடனே அழித்துவிடாது, 'பழையது' எனப் பெயர் மாற்றி வைக்க. நாம் எழுதிய நிரல்கள் எவையேனும் அதனுள் இருப்பின் வெளியே எடுத்துவிடுக.

2. 'பைத்தான்3-வென்வ்' என்னும் பொதி இல்லையாயின் 'ஏப்டி' வழியே நிறுவுக. பின்னர்ப் 'பைத்தான்3 -எம் வென்வ்' என்பதனுடன் சூழலின் முன்னைய பெயரைச் சேர்த்துப் புதிய சூழலை அமைத்து, அதனைச் செயற்படுத்துக.

3. 'ரெக்வயர்மென்ட்ஸ்.டெக்ஸ்ட்' பட்டியல் முன்பே கையிலிருந்தால் நன்று. இல்லையேல், புதிய சூழலிலிருந்து 'பிப் ஃப்ரீஸ் --பாத்' என இட்டு, பழைய 'சைட்-பேக்கேஜஸ்' கோப்புறையின் முழுப் பாதையைத் தருக. நூலகங்களின் பெயரும் பதிப்பெண்ணும் வெளிப்படும்; அவற்றைக் கோப்பில் சேமிக்க.

4. 'பிப் இன்ஸ்டால் -ஆர்' கட்டளையால் அப்பட்டியலை நிறுவுக. சில பதிப்புகள் புதிய பைத்தானுக்கு ஒவ்வா. சான்றாக, பைத்தான் 3.12ஐ ஏற்ற முதல் நம்பை 2023 செப்டம்பரில் வெளிவந்த 1.26 ஆகும், பட்டியலில் 1.21 என்றிருப்பின் உயர்த்தியே ஆகவேண்டும்.

5. முன்னர் விடை தெரிந்த தரவு ஒன்றைப் புதிய சூழலில் இயக்கி, இரு விடைகளையும் ஒப்பிடுக. ஒத்திருந்தால் மட்டுமே பழைய சூழலை அழிக்க.

நிறைவாக

இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முன் 'பிப் ஃப்ரீஸ்' என இட்டு ஒரு பட்டியல் எடுத்துவைப்பார்க்கு இத்துன்பம் அரைமணி வேலையே. அப்பட்டியலின் பயன் அதனோடு முடிவதன்று. நூலகத்தின் பதிப்பு மாறினால் கணக்கீட்டின் விடையும் சிற்சில இடங்களில் மாறலாம். எந்தப் பதிப்புகளைக் கொண்டு முடிவு கண்டோம் என்பதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் குறிப்பவர், தம் முடிவைப் பிறர் சரிபார்க்க வழிவிடுகிறார். மூலச்சுவடி இன்னது எனக் குறிக்காத பதிப்பு எவ்வாறு நம்பத்தக்கதன்றோ, அவ்வாறே கருவியின் பதிப்பைக் குறிக்காத கணக்கீடும் என்பதை மாணவர்கள் நெஞ்சில் நிறுத்துவார்களாக.