திட்டினால் பந்து உருளாது

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர், உத்திரமேரூர்)



ஆண்டு மலருக்கு கால்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "யார் பெரிய ஆட்டக்காரன்னு எழுதப் போறியா?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். இது அந்தக் கட்டுரை இல்லை. ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதே இதன் பொருள். நம்மில் பலர் லீவில் ஊருக்குப் போனால் "அண்ணா, ஆட வாங்கண்ணா" என்று பிள்ளைகள் சூழ்ந்து கொள்வார்கள். ஆகவே இது நம் எல்லோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் செய்த தவறு

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கிராமம். கோடையில் ஏரி வற்றியதும் அதுதான் எங்கள் மைதானம். போன வருடம் பதினாறு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அணி அமைத்தேன். பக்கத்து ஊரோடு ஒரு போட்டி. கோலில் நின்ற பதினொரு வயதுப் பையனின் கால்களுக்கு நடுவே பந்து போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில், "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன், "நான் நெஜமாவே மாடு மேய்க்கிறவன்தானே அண்ணா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

நண்பர்களே, என் அப்பாவும் மாடு மேய்த்தவர்தான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு பெனால்டியைத் தவறவிட்டதற்கு, ஒருவர் என்னையும் இதே வார்த்தையால் திட்டினார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதே வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே தருகிறேன்.

திட்டினால் திருந்துவார்களா?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்மித், ஸ்மால் என்ற இரு உளவியல் பேராசிரியர்கள், சிறுவர் பேஸ்பால் அணிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சில பயிற்சியாளர்களுக்கு மட்டும், தவறு செய்த பிள்ளையை எப்படி ஊக்கப்படுத்துவது, முயற்சியை எப்படிப் பாராட்டுவது என்று முன்கூட்டியே கற்றுக் கொடுத்தார்கள். 1992-ல் வெளியான முடிவு இது: அந்தப் பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் 5 சதவீதம் பேர்தான் அடுத்த ஆண்டு ஆட்டத்தை விட்டார்கள். மற்றவர்களிடம் ஆடியவர்களில் விட்டவர்கள் 26 சதவீதம். வெற்றி தோல்வி இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இல்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் "சூப்பர், சூப்பர்" என்று சொன்னால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை இதைக் காட்டுகிறது. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கஷ்டமான கேள்விகள் வந்ததும் சோர்ந்து போனார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்று, பிறகு இன்னும் நன்றாகச் செய்தார்கள். ஆகவே பாராட்டு, பிள்ளை செய்த வேலையைச் சுட்டிக் காட்ட வேண்டும். "நீ பெரிய ஆளுடா" என்பதைவிட, "பந்து வருவதற்கு முன்னாடியே திரும்பிப் பார்த்தே பாரு, அது நல்லா இருந்தது" என்பது மேல்.

நம் மெக்கானிக்கல் பாடத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சிய ஸ்டீலைத் தண்ணீரில் சட்டென்று குளிர வைத்தால் கடினமாகும். ஆனால் தட்டினால் கண்ணாடி போல் உடையும். மறுபடி அளவாகச் சூடு காட்டி டெம்பரிங் செய்தால்தான் அது வேலைக்கு உதவும். கண்டிப்பு மட்டும் பெற்று வளரும் பிள்ளையும் அப்படித்தான்.

பயிற்சி நடத்தும் முறை

1. எல்லோர் காலிலும் பந்து: பதினாறு பேருக்கு ஒரே பந்து என்றால், ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு நான்கு நிமிடம்கூட வராது. நாலு பேருக்கு ஒரு பந்து என்றால் பதினைந்து நிமிடம் வரும். வரிசையில் நிற்கிற பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. நல்ல பந்து இல்லையென்றால் ரப்பர் பந்தும் போதும்.

2. வயதுக்கேற்ற ஆட்டம்: எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3-ம் நம்பர் பந்து, நாலுக்கு நாலு ஆட்டம். பன்னிரண்டு வயது வரை 4-ம் நம்பர் பந்து, ஏழுக்கு ஏழு. அதற்கு மேல்தான் 5-ம் நம்பர் பந்தும் பெரிய மைதானமும். தலையால் முட்டும் பயிற்சி சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தடை செய்வதாக 2015-ல் அறிவித்தது.

3. இரண்டு காலும் பழகணும்: 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பலம் குறைந்த காலால் மட்டும் ஆடும் போட்டிகளை அவர் நடத்தினார். நாமும் வாரம் ஒரு நாள் அப்படி ஆடலாம்.

4. சின்ன உடம்பைத் தள்ளாதே: பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒருவன் திடீரென்று வளர்வான், இன்னொருவன் இரண்டு வருடம் கழித்து வளர்வான். இன்று வேகமாக ஓடுகிறவனை மட்டும் எடுத்தால், நாளை நன்றாக ஆடப் போகிறவனை இழப்போம். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஆட்டத்தில் பாதி நேரமாவது இறங்க வேண்டும்.

5. ஒரு தவறு, ஒரு திருத்தம்: கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்கள். முதலில் சரியாகச் செய்தது, பிறகு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் செய்து காட்டி, உடனே மறுபடி செய்ய விடுங்கள்.

6. குடவோலைக் கேப்டன்: பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் எங்கள் ஊர்க் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகள் வர முடியாது. எங்கள் அணியில் கேப்டனை இப்போது இப்படித்தான் எடுக்கிறோம். ஓலைக்குப் பதில் நோட்டுத் தாள், குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பக்கெட். கேப்டனாக இருந்தவன் அடுத்த மூன்று ஆட்டத்துக்குக் கேப்டன் ஆக முடியாது. வாயே திறக்காத பிள்ளைகள்கூட இதனால் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

நம்மாலும் முடியும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் நம் தஞ்சாவூர்க்காரர். அதன் பிறகு இந்தியக் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பனிடம், 2004 சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பிள்ளைகளும் ஆடிப் பழகினார்கள். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் மறுபடியும் வென்றது. இதை எங்கள் ஏரியில் சொன்ன பிறகு இரண்டு பெண் பிள்ளைகள் ஆட வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது எல்லோரையும் விட நன்றாகப் பாஸ் கொடுக்கிறாள்.

முடிவுரை

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும் கேட்டேன். இப்போது வருகிறான், இடது பக்கம் ஆடுகிறான். ஆனால் கோலில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறான். நான் வற்புறுத்துவதில்லை.

முதல் செமஸ்டரில் எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தது. வீட்டில் யாருக்கும் அரியர் என்றால் என்னவென்று தெரியாது. அப்பா மட்டும், "திரும்ப எழுத விடுவாங்களா?" என்று கேட்டார். விடுவாங்க என்றேன். "அப்புறம் என்ன, எழுதுடா" என்றார். எழுதினேன், பாஸ் செய்தேன். எந்தக் கோச்சிங் புத்தகமும் படிக்காத என் அப்பாதான் எனக்குக் கிடைத்த நல்ல கோச்.

நண்பர்களே, இந்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு பந்து வாங்கிக்கொண்டு போங்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொண்டு போகாதீர்கள்.