பாலம் கடக்கும் ரொக்கம்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், வீடு புதுப்பிக்க 15,000 சிங்கப்பூர் டாலரைக் கையில் கொண்டுவரப் போகிறான். ஜொகூர் பாரு சோதனைச்சாவடியில் தடுப்பார்களா?
– வாசகர், ஜொகூர்

பதில்: கொண்டுவரத் தடையில்லை. ஆனால், சுங்கத்துறையிடம் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் போனால்தான் அறிவிப்பு தேவை. அங்குள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மகனிடம் யாரும் படிவம் கேட்கப்போவதில்லை. மலேசியாவின் வரம்போ 10,000 அமெரிக்க டாலர். இன்றைய மாற்று விகிதத்தில் 15,000 சிங்கப்பூர் டாலர் அதைத் தாண்டிவிடும். பாலத்தின் அக்கரையில் சரியாக இருந்த அதே கட்டு, இக்கரையில் இறங்கியதும் சட்டச் சிக்கலாகிவிடலாம்.

ஜொகூர் பாரு சோதனைச்சாவடியான சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் சுங்க அதிகாரியிடம் படிவம் 22ஐ நிரப்பிக் கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கி ரசீது கையில் இருந்தால் விசாரணை சீக்கிரம் முடியும். அறிவிப்புக்கு வரி கிடையாது. மறைத்தால் ‘அம்லா’ எனப்படும் 2001ஆம் ஆண்டுச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் பாயும். பணம் பறிமுதலாகலாம், சிறைத்தண்டனையும் உண்டு.

ரிங்கிட் நோட்டுகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அதே வரம்பைத் தாண்டினால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் முன் அனுமதி வேண்டும்.

மாதாந்திரச் சிறு தொகைக்கு ரொக்கமே தேவையில்லை. சிங்கப்பூர், மலேசிய மின்பணச் சேவைகளை இணைத்து 2023 நவம்பரில் தொடங்கிய பேநவ்–டூயிட்நவ் இணைப்பில், கைப்பேசி எண்ணுக்கே அனுப்பிவிடலாம்.