கடைசி வயலுக்கும் தண்ணீர் போன கதை

தோட்டத்துக்கு ஒரு திட்டம் வருகிறது. லயத்துக்குப் புதுப் பீலி, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம். திறப்பு விழாவுக்கு மாலையும் மைக்கும் உண்டு. இரண்டு வருஷம் போனால் குழாய் உடைந்து கிடக்கும். கேட்டால், "அது அவங்க கட்டினது, அவங்கதான் வந்து பார்க்கணும்" என்ற பதில்தான் வரும். ஏன் இப்படி ஆகிறது? வயற்காட்டில் நடந்த ஒரு கதையை வைத்துப் பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவியின் தென்முனைக்கு அப்பால் உள்ள அம்பாறைப் பகுதி 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்திலிருந்து வாய்க்கால்கள் வெட்டினார்கள். முப்பது வருஷத்தில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன, கதவுகளும் உடைந்துபோயின. மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைசியில் தமிழ் விவசாயிகள். மேலே உள்ளவர் வேண்டியமட்டும் தண்ணீர் எடுப்பார். கீழே வயல் காயும். சண்டைக்குச் சொல்லவா வேண்டும்! இங்கே முன்னேற்றம் காட்டினால் இலங்கையில் எங்கும் காட்டலாம் என்று அதிகாரிகளே பேசிக்கொண்டார்களாம்.

வாய்க்காலைத் திருத்த அமெரிக்க உதவிப் பணம் வந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெறும் சீமெந்து வேலை மட்டும் போதாது என்று, 1981இல் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட படித்த இளைஞர் யுவதிகளை வயல்களுக்கு அனுப்பின.

இவர்கள் போனவுடன் சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் எழுதவுமில்லை. (நம்ம பக்கம் முதலில் நடப்பது அதுதானே!) ஊரிலேயே தங்கி, வீடு வீடாகப் போய், "உங்க வாய்க்கால்ல என்ன பிரச்சினை? உங்களால என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். அந்த வருஷம் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. காத்திருக்க நேரமில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேர் கூடி, மண்வெட்டியோடு இறங்கித் துப்புரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே உள்ளவருக்கு விட்டார்கள். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலான விவசாயிகள் இதில் சேர்ந்துவிட்டார்கள். வேலை நடந்த பிறகுதான் பிரதிநிதியைத் தெரிந்தார்கள். அதுவும் வாக்குப் போட்டு இரண்டு கட்சியாகப் பிரியாமல், எல்லாரும் பேசி ஒத்துக்கொண்டு. அவருக்குச் சம்பளம் கிடையாது. யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களுக்கே அவர் பதில் சொல்ல வேண்டும்.

எமக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. அந்த இளைஞர்கள் நிரந்தர வேலை தேடி ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். திட்டக் காலமும் முடிந்தது. ஆனாலும் குழுக்கள் கலையவில்லை. 1997 சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் குறைந்தது. இடதுகரையில் 15,000 ஏக்கருக்குத்தான் போதும் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்குச் சொன்னது. விவசாயிகள் இருப்பதைப் பங்கிட்டு ஏறக்குறைய 65,000 ஏக்கரிலும் பயிர் செய்து, வழமையைவிட நல்ல அறுவடை எடுத்தார்கள். நாட்டில் யுத்தம் நடந்த காலம் அது. மேலேயும் கீழேயும் இருந்தவர்கள் வேறு வேறு மொழி பேசுகிறவர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தோட்டத்தில் நிலைமை வேறுதான். நிலமும் லயமும் நம் பெயரில் இல்லை, துரை சம்மதிக்காமல் குழாய் இழுக்க முடியாது. ஆனாலும் பீலித் தண்ணீர் மேல் லயத்தைத் தாண்டித்தான் கீழ் லயத்துக்கு வருகிறது. எனவே அடுத்த திட்டம் வரும்போது, அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள்: எந்த இடத்தில் பீலி வேண்டும் என்று தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? வாசர் தேய்ந்தால் மாற்றுவது யார், அதற்குக் காசு எந்தக் கையில் இருக்கும்? கீழ் லயத்திலிருந்து கூட்டத்துக்கு யார் வந்திருக்கிறார்கள்? யாரும் வரவில்லையென்றால், கூட்டத்தைக் கீழ் லயத்து வாசலிலேயே வையுங்கள்.