விற்ற பொருள் திரும்பி வந்தால்...
ஹெல்மட் கடையும் ஒன்லைன் கடையும் கற்றுத்தரும் பாடம்

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது." நமது கடைகளில் அநேகமானவற்றின் பற்றுச்சீட்டின் அடியில் இந்த வரி இருக்கும். சில இடங்களில் காசு மேசைக்கு மேலே பலகையாகவும் தொங்கும். யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. அச்சகத்தில் பில் புத்தகம் அடிக்கக் கொடுத்தால் அந்த வரியும் தானாகவே சேர்ந்து வந்துவிடும்.

கொடுக்கல் வாங்கலுக்கு வேறு இடமில்லாத காலத்தில் இந்த வரியால் நட்டமில்லை. சாவகச்சேரியில் வாங்கியவர் மீண்டும் சாவகச்சேரிக்குத்தான் வரவேண்டும். இன்று அப்படியல்ல. மீசாலையிலோ கொடிகாமத்திலோ இருக்கும் பையன் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் ஹெல்மட் பார்க்கிறான், ஜக்கெட் பார்க்கிறான், கையுறை பார்க்கிறான். 2016இல் இலங்கையில் கைமு என்ற தளத்தின் இடத்துக்கு தராஸ் வந்தது. 2018இல் அதைச் சீனாவின் அலிபாபா வாங்கியது. அதன் பின் கூரியர்காரர் கண்டி வீதியால் வந்து ஒழுங்கைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டார். ஒன்லைன் பக்கத்தில் விலைக்குக் கீழே இத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. நமது பில்லிலோ திருப்பிக் கொடுக்கவே முடியாது என்று இருக்கிறது. வாடிக்கையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.

மோட்டார் சைக்கிள் உபகரணம் விற்கும் வியாபாரிகள் இதைப் பற்றிக் கவலையோடு பேசுகிறார்கள். "எங்கள் கடையில் போட்டுப் பார்த்து சைஸைத் தெரிந்துகொண்டு, ஒன்லைனில் ஓடர் கொடுக்கிறார்கள்" என்பது ஒரு முறைப்பாடு. "பாவித்துவிட்டுக் கொண்டுவந்து மாற்றித் தரச் சொல்கிறார்கள்" என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒன்லைனைத் திட்டுவதால் ஒரு ஹெல்மட்டும் கூடுதலாக விற்கப் போவதில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்பதே புத்தி.

ஒரு சொல்லுக்குள் மூன்று விடயம்

"திருப்பிக் கொடுத்தல்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று வேறு விடயங்கள்.

முதலாவது, பழுது. ஹெல்மட்டின் கொக்கி பூட்டவில்லை, ஜக்கெட்டின் சிப் முதல் நாளே கழன்றுவிட்டது, போலித் தரச்சின்னம் ஒட்டிய பொருள் வந்துவிட்டது.

இரண்டாவது, அளவு. பொருளில் குறையில்லை. தலைக்கு இறுக்கம், கைக்கு நீளம்.

மூன்றாவது, மனமாற்றம். அளவும் சரி, பொருளும் சரி. வீட்டுக்குப் போனதும் கறுப்பை விடச் சிவப்பு நல்லது என்று தோன்றிவிட்டது.

நமது ஒற்றை வரிப் பலகை இந்த மூன்றையும் ஒரே கதவால் வெளியே தள்ளுகிறது. ஒன்லைன் தளங்கள் மூன்றையும் பிரித்து எழுதுகின்றன. பழுதென்றால் இப்படி, அளவு சரியில்லை என்றால் இப்படி, மனம் மாறினால் இந்தப் பொருளுக்கு மட்டும், இத்தனை நாளுக்குள், லேபல் கழற்றாமல், பெட்டி கிழியாமல் என்று நிபந்தனை போடுகின்றன. பொருளுக்குப் பொருள், விற்பனையாளருக்கு விற்பனையாளர் அது மாறும். ஆனால் வாங்கும் முன்பே வாசிக்கலாம். அவர்களின் பலம் தாராள மனமல்ல, முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான்.

இந்தப் பிரிவினை நமக்குப் புதியதும் அல்ல. மார்க்கச் சட்ட நூல்கள் இதைக் "கியார்" என்ற தலைப்பில் நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்துள்ளன. குறையைக் கண்டவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒன்று. பேசி வைத்துக்கொள்ளும் தவணை மற்றொன்று, ஷாபிஈ மத்ஹபில் அது மூன்று நாள் வரை. காணாமல் வாங்கியவர் கண்ட பின் தீர்மானிக்கும் உரிமையை ஹனபி மத்ஹப் தருகிறது. வாங்கிவிட்டு வருந்தி வருபவரோடு வியாபாரத்தை மனமுவந்து முறித்துக்கொள்வது "இகாலா". அது கடமையல்ல, நன்மை. ஆக, பழுது உரிமை, தவணை ஒப்பந்தம், மனமாற்றம் பெருந்தன்மை. இந்த மூன்றையும் குழப்பாதவரின் கடையில் சண்டை வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இரண்டு சட்டங்களை வியாபாரி தெரிந்திருக்க வேண்டும். ஒன்று 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். சொன்ன விபரத்துக்கு ஏற்ற பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. மற்றது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லை என்றால், உத்தரவாதம் வாயால் சொல்லப்படாமல் உள்ளடங்கியதாக இருந்தாலும், வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகார சபையால் முடியும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

ஆகவே பழுதான பொருளைக் கொண்டுவந்தவரிடம் பில்லின் அடி வரியைக் காட்டி அனுப்பிவிடலாம் என்று நினைப்பது தவறு. அதேநேரம், மனம் மாறியதற்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், "இங்கே பதினான்கு நாளுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம்" என்று சொல்வார்கள். பிரித்தானியாவில் அந்தப் பதினான்கு நாள் உரிமை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளால் வந்தது. அது ஒன்லைன், தொலைபேசி போன்ற வழிகளில் தூரத்தில் இருந்து வாங்கியவருக்குரியது. கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியவருக்கு மனமாற்றத்துக்காக அந்த உரிமை அங்கும் இல்லை. இன்னொன்றும் உண்டு. கடையில் ஒரு பொருளை எந்த அளவுக்குத் தொட்டுப் பார்ப்போமோ அதற்கு மேல் பாவித்து அதன் பெறுமதி குறைந்திருந்தால், விற்றவர் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இதை நன்றாகக் கவனியுங்கள். ஒன்லைன்காரர் கொடுக்கும் பதினான்கு நாள், பார்க்காமல் வாங்கியதற்கான ஈடு. கடைக்காரர் அந்த நாட்களோடு போட்டி போடத் தேவையில்லை. அவர் கொடுப்பது அதைவிடப் பெரியது: பார்த்து, தொட்டு, போட்டு வாங்கும் வசதி. ஆனால் பொலித்தீன் உறையைப் பிரிக்கவே விடாமல், "எல்லாம் ஒரே சைஸ்தான், கொண்டு போங்கோ" என்று விற்கும் கடை அந்த வசதியையும் கொடுக்கவில்லை, நாளையும் கொடுக்கவில்லை. அந்தக் கடையை விட்டு வாடிக்கையாளர் போனால் குற்றம் ஒன்லைனில் இல்லை.

ஹெல்மட் ஏன் வேறு?

சட்டை திரும்பி வந்தால் மடித்து மீண்டும் அடுக்கில் வைக்கலாம். ஹெல்மட்டை அப்படி வைக்க முடியாது. வெளி ஓட்டுக்கும் உள்துணிக்கும் இடையில் ரெஜிபோம் போன்ற தடித்த படை ஒன்று இருக்கிறது. விபத்தில் தலையைக் காப்பது பெரும்பாலும் அதுதான். அடி விழும்போது அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மீண்டும் எழும்பாது. பலமாக அடிபட்ட ஹெல்மட் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் பளபளக்கலாம், உள்ளே அதன் வேலை முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு கிழமை பாவித்த ஹெல்மட்டைத் திருப்பி எடுத்து, துடைத்து, புதிதென்று அடுத்தவருக்கு விற்பது வெறும் வியாபாரத் தந்திரமல்ல. இன்னொருவரின் தலையோடு விளையாடுவது. பாவித்த ஹெல்மட்டை மனமாற்றத்துக்காக எடுக்க மறுப்பதற்கு நியாயமான காரணம் இதுதான். அந்தக் காரணத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். "எங்கள் கடைச் சட்டம்" என்றால் கோபம் வரும். "நீங்கள் திருப்பித் தருவதை நான் இன்னொருவருக்கு விற்றால் நல்லதா? உங்களுக்கு அப்படி ஒன்றைத் தந்தால் ஏற்பீர்களா?" என்று கேட்டால் அநேகமானோர் விளங்கிக்கொள்வார்கள். ஒன்லைனில் வந்த ஹெல்மட் முன்பு எத்தனை வீட்டுக்குப் போய் வந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. உங்கள் அடுக்கில் இருப்பது திரும்பி வந்ததல்ல என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், அதுவே பெரிய விற்பனைப் பேச்சு.

மழை அங்கி கற்றுத்தரும் பாடம்

இன்னொரு பொருள் மழை அங்கி. புரட்டாதியில் வாங்கி வைப்பார்கள். மாரி பிடிப்பது ஐப்பசி, கார்த்திகையில். தோளிலோ தையலிலோ தண்ணீர் ஒழுகுவது அப்போதுதான் தெரியும். "ஏழு நாள் முடிந்துவிட்டது" என்று சொல்வது இங்கே நியாயமில்லை. விற்ற அன்று அவரால் கண்டிருக்கவே முடியாத குறை அது. மழை அங்கிக்கு முதல் மழையில் இருந்து நாளை எண்ணுவதே முறை. சட்டம் தரும் மூன்று மாதமும் ஏறக்குறைய அந்தப் பருவத்தை உள்ளடக்குகிறது. தொகையாகச் சரக்கு எடுத்ததும் ஒன்றிரண்டை விரித்து, தையல் மேல் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பவருக்கு கார்த்திகையில் தலைவலி குறைவு.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக ஓர் உதாரணம். ஹெல்மட்டின் கொள்விலை 8,000 ரூபா, விற்பனை விலை 10,000 ரூபா, இலாபம் 2,000 ரூபா என்று வைப்போம். பாவித்த ஹெல்மட் ஒன்றை வாங்கிக்கொண்டு முழுப் பணமும் கொடுத்தால், அதை மீண்டும் விற்க முடியாது. 8,000 ரூபா போய்விட்டது. அதை ஈடுசெய்ய நான்கு ஹெல்மட் விற்க வேண்டும். மாறாக, ஓடாத, லேபல் கழற்றாத ஹெல்மட்டை வேறு சைஸுக்கு மாற்றிக் கொடுத்தால் போவது பத்து நிமிட நேரம் மட்டும். நாம் என்ன செய்கிறோம்? முதலாவதற்குப் பயந்து இரண்டாவதையும் மறுக்கிறோம். பின்னால் இருப்பவரும் ஹெல்மட் போட வேண்டிய நாடு இது. ஒரு வீட்டை இழந்தால் குறைந்தது இரண்டு ஹெல்மட் போகிறது.

திருப்பி எடுப்பது பெரிய நிறுவனங்களுக்கும் இலவசமல்ல. அமெரிக்காவில் 2024இல் சில்லறை விற்பனையில் 16.9 சதவீதம் திரும்பி வரும் என்று அந்நாட்டுத் தேசிய சில்லறை வியாபாரிகள் சங்கம் கணித்தது. அந்தச் செலவு எங்கோ ஒரு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. முன்னால் நின்று அளவு பார்த்து விற்பவருக்குத் திரும்பி வருவது குறையும். அந்த வசதி நம் கையில் இருக்கிறது.

கடையில் செய்ய வேண்டியவை

1. அளந்து விற்க வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே, தலை மிக அகன்ற இடத்தைச் சுற்றி அளவுநாடாவால் அளக்கவும். ஒரே எழுத்துச் சைஸ் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். போட்டு ஐந்து நிமிடமாவது இருக்க விடவும். நெற்றியில் நோகிறதா என்று கேட்கவும். பட்டியைப் பூட்டிய பின் பின்னால் பிடித்து முன்னுக்குத் தள்ளிப் பார்க்கவும். கழன்றால் அந்த அளவு கூடாது.

2. ஸ்கூட்டர் ஓடும் பெண்களுக்கு, அவர்கள் வழமையாக அணியும் முக்காட்டோடு அளவு பார்க்க வேண்டும். வீட்டுப் பெண்ணுக்கு வாங்க ஆண் வந்தால், ஓடாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லிவிடுங்கள். ஹெல்மட்டுக்குள் ஊசி குத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

3. எஸ்.எல்.எஸ். 517 தரச்சின்னத்தை வாடிக்கையாளருக்குக் காட்டி விற்கவும். போலி என்று பின்னால் தெரிந்தால் அது மனமாற்றமல்ல, பழுது.

4. மொத்த வியாபாரியிடம் முதலில் பேசவும். புறக்கோட்டையோ பஞ்சிகாவத்தையோ, பழுதான பொருளை எத்தனை நாளுக்குள் ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்கவும். முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து வரும் சரக்கு இது. மேலே கதவு பூட்டியிருந்தால் கீழே நீங்கள்தான் சுமக்க வேண்டிவரும்.

5. பழைய வரியை நீக்கிவிட்டு, பில்லில் இப்படி எழுதலாம்: "பழுதான பொருளுக்கு நாங்கள் பொறுப்பு. அளவு மாற்ற, பாவிக்காத நிலையில் ஏழு நாளுக்குள் பில்லோடு கொண்டுவரவும். பாவித்த ஹெல்மட் மற்றவரின் பாதுகாப்புக்காக மீண்டும் விற்கப்படமாட்டாது, ஆகவே மனமாற்றத்துக்காக எடுக்கப்படமாட்டாது." பணம் வாங்கும் முன் வாயாலும் சொல்லுங்கள்.

6. வைசர், கொக்கி, உள்துணி போன்ற உதிரிகளைக் கொஞ்சம் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து வைசர் உடைந்தவருக்கு ஒன்லைன் பக்கம் பதில் சொல்லாது. அன்று அவர் உங்களைத் தேடி வருவார், ஒன்லைனில் வாங்கியவர் உட்பட. அவரைக் குத்திக் காட்டாமல் வைசரைப் போட்டுக் கொடுங்கள். அடுத்த ஹெல்மட்டுக்கு அவர் எங்கே வருவார் என்று நினைக்கிறீர்கள்?

வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது. எது கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது அவரது உரிமை. அதைச் சொல்ல ஒரு பில் புத்தகத்தின் அச்சுச் செலவுக்கு மேல் ஆகாது. அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது அந்தப் பழைய வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.